கொடிமலைக்கு ஆண்டின் முதல் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முறுக்கு டின் காலியாகி, ஆண்டுக்கடைசி மழையும் ஓய்ந்தால், பினாங்கில் ஒரு கூட்டம் கட்டிலுக்கு அடியில் காலணியைத் தேட ஆரம்பித்துவிடும். நானும் அந்தக் கூட்டம்தான். பதினோரு ஆண்டாக ஒரே தோழியோடு கொடிமலை ஏறுகிறேன். அவள் என்னைவிட ஆறு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு டிசம்பரிலும் சொந்தக்காரர்களும் தாமான்காரர்களும் என்னிடம் கேட்கும் அதே கேள்விகளுக்குப் பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே புழுக்கம். இங்கே மலை ஏற ஏது பருவம்?

இருக்கிறது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம். நவம்பரிலும் விட்டுவிட்டுப் பெய்யும். டிசம்பர் பிற்பாதியிலிருந்து குறையும். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் காய்ந்த மாதங்கள். ஏப்ரலில் மறுபடி மாலை மழை தொடங்கிவிடும். ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எங்கள் பருவம். மற்ற மாதங்களிலும் ஏறுகிறார்கள், தினமும் ஏறுகிற தாத்தாக்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது, மூன்று நான்கு மாதம் சோபாவில் உட்கார்ந்துவிட்டு மீண்டும் கிளம்புகிறவர்களுக்கு.

மழை விட்ட மறுநாளே கிளம்பாதீர்கள். நான்கைந்து நாள் வெயில் காயட்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் தீவே மூழ்கியது நினைவிருக்கும். அன்று இந்த மலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. வெளியே காய்ந்து தெரிந்தாலும் சரிவு உள்ளுக்குள் ஊறித்தான் இருக்கும்.

முதல் நடைக்கு எந்த வழி?

ஜீப் பாதை. தாவரவியல் பூங்கா வாசலுக்கு அருகிலிருந்து உச்சி வரை போகும் தார்ச்சாலை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மலையில் குடியிருப்பவர்களின் வண்டிகளும் அனுமதி பெற்ற வண்டிகளும் மட்டும் போகும். மரவேர் இல்லை, வழுக்குப் பாறை இல்லை, வழி தவற வாய்ப்பே இல்லை. தார்ச்சாலைதானே என்று சிரிப்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். எட்டடி நடந்தால் ஓரடி உயர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வளைவுகளில் குதிகாலைத் தரையில் பதிக்கவே முடியாது.

மூன் கேட் வழி அழகானது, நான் மறுக்கவில்லை. ஜாலான் கெபுன் பூங்காவில், பூங்காவுக்குச் சற்று முன்னால், நிலவு மாதிரி வட்டமாக ஒரு பழைய வாசல் நிற்கும். அதற்குள் நுழைந்தால் காடு. மண் படி, வேர், ஓடை எல்லாம் தாண்டி, எல்லோரும் எண்பத்து நான்கு என்று சொல்கிற இளைப்பாறும் இடத்தில் ஜீப் பாதையோடு சேரும். பிப்ரவரியில், கால் பழகிய பிறகு போங்கள். ஆயர் ஈத்தாமில் மலை ரயிலின் கீழ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும் பாரம்பரியப் பாதையும் இருக்கிறது. அதில் படிகள் அதிகம். முட்டி வலிக்காரர்கள் வேண்டாம்.

உச்சி வரை போய்த்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். நாங்கள் முதல் நடையை எண்பத்து நான்கோடு நிறுத்திக்கொள்கிறோம். அது ஏறத்தாழ பாதி வழி. அங்கே கூரை உண்டு, உட்கார இடம் உண்டு. காலையில் அங்கே உட்கார்ந்திருக்கும் சீனப் பெரியவர்கள் இன்றைக்கு எத்தனையாவது தடவை என்று நம்மிடம் கேட்பார்கள். முதல் தடவை என்று சொல்ல வெட்கமாக இருக்கும், சொல்லிவிடுங்கள்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்பதரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்றால் ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு என்ற பேச்சு மலையில் எப்போதும் பொய்.

இருவர் நடந்தால் யார் முன்னால் போவது?

யாருமே என்னிடம் கேட்காத கேள்வி இது. நானே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதுதான் முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி முதல் ஞாயிறு. வீறாப்பாக மூன் கேட் வழியில் கிளம்பினோம். மூத்தவள் நான், வழி தெரிந்தவளும் நான், ஆகவே முன்னால் நான். அவள் பின்னால். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, "முடியுதா?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும், "பரவாயில்லக்கா, நீங்க போங்க" என்றாள். நானும் நம்பிப் போய்க்கொண்டே இருந்தேன். ஜீப் பாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு வேர்மேல் உட்கார்ந்திருக்கிறாள். கெண்டைக்கால் கல்லாட்டம் இறுகிப் போயிருந்தது. கையில் ஒரு சின்னப் போத்தல், அதுவும் காலி. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டதற்கு, "முதல் ஏத்தத்துலேருந்தே" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு யோசித்தால் தப்பு அவளுடையது இல்லை. நம் வீடுகளில் அக்காவிடம் யார் "நில்லு, என்னால முடியல" என்று சொல்கிறார்கள்? "முடியுதா?" என்று நாம் கேட்பதே "முடியும்" என்ற பதிலுக்காகத்தான். அண்ணனோடு ஏறும் தம்பி, மாமியாரோடு ஏறும் மருமகள், மேலதிகாரியோடு ஏறும் ஊழியர், எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரே விதி. "நிறுத்து" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர் முன்னால் நடப்பார். அவர் வேகம்தான் இருவருக்கும் வேகம். அவர் நின்றால் பின்னால் வருபவர் தானாக நிற்பார், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. முதலில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது, "அக்காவுக்கு முதுகைக் காட்டி நடக்கிறதா" என்று. இப்போது பழகிவிட்டது.

வேகம் சரியா என்று பார்க்க மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு: நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். என் தோழி விஷயத்தில் இது துல்லியமாக வேலை செய்கிறது. மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறாள் என்றால் எல்லாம் சரி. கதை பாதியில் நின்றால் நான் காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது?

காலை 7 மணிக்குப் பூங்கா வாசலில் இருங்கள். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழரை ஆகிவிடும். 1982இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து நம் காலை இப்படித்தான் இருட்டாகத் தொடங்குகிறது. ஏழு மணிக்கு மங்கலான வெளிச்சம் இருக்கும், தார்ச்சாலைக்கு அது போதும். காட்டு வழி என்றால் நன்றாக விடியட்டும்.

பத்து மணிக்கு மேல் வெயில் முதுகில் இறங்கும். வெயிலைவிட ஈரக்காற்றுதான் எதிரி. வேர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை, காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மேலே போகப் போகக் கொஞ்சம் இதமாக இருக்கும். நூறு மீட்டர் உயரத்துக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறையும், ஆகவே 700 மீட்டர் அளவில் இருக்கும் மேல் ரயில் நிலையத்தில் ஊரைவிட நான்கைந்து டிகிரி குறைவு. நனைந்த சட்டையோடு நின்றால் நடுங்கும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

விலை உயர்ந்த மலையேறும் காலணி வாங்க வேண்டுமா?

முதலில் இருப்பதைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த காலணியின் அடிப்பாகம் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டுப் பிரிந்துவிடும். வீட்டுக்குள் போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், முதல் ஏற்றத்தில் வாயைப் பிளக்கும். வளைத்துப் பாருங்கள், அடிப்பாகத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

வாங்குவதென்றால் என் ஓட்டு ரப்பர் சப்பாத்துக்குத்தான். கறுப்பாக, அடியில் சின்னச் சின்ன முளைகளோடு, மளிகைக் கடை வாசலில் தொங்குமே, அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்கிறார்களே, அதுதான். அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமாருக்கு இது தெரிந்த பொருள். ஈர மண்ணில் பிடி விடாது, கழுவினால் உடனே காயும், விலையும் சொற்பம். இன்றைக்கு மலையேறுகிற பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். என் அம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஒரு குறை உண்டு, உள்ளே மெத்தை கிடையாது. தடித்த காலுறை போடுங்கள். ஜீப் பாதையின் கெட்டித் தாருக்கு மட்டும் சாதாரண ஓட்டக் காலணியே மேல்.

கால் நகத்தை முந்தைய நாளே வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் நுனி காலணியில் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும்.

எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர், தனித்தனியாக. ஒரே பெரிய போத்தலை இருவரும் பகிர்ந்தால், இங்கேயும் அதே பரவாயில்லக்கா கதைதான். கூடவே உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்று. நான் 100 பிளஸ் எடுப்பேன், அவள் எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சீனியும் போட்டுக் கொண்டுவருவாள். அவளுடையதுதான் நன்றாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம். மீந்த தீபாவளிப் பலகாரத்தைத் தீர்க்க மலையைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய்ப் பலகாரம் தாகத்தை இழுக்கும், அப்புறம் அந்த பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் இருக்கிறதே, அடுத்த கேள்விக்கு வருகிறேன்.

குரங்குகள் என்ன செய்யும்?

இரண்டு வகை பார்க்கலாம். சாம்பல் பழுப்பு நிறத்தில் கூட்டமாக வரும் நீண்டவால் குரங்குகள்தான் பையைப் பிடுங்குபவை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி கிளையில் உட்கார்ந்திருப்பவை கண்ணாடிக் குரங்குகள், லோத்தோங் என்பார்கள். இலை தின்பவை, நம்மைச் சட்டையே செய்யாது. அவற்றின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பார்த்துவிட்டால் அன்றைய நடை வீண் போகவில்லை.

முதல் வகையிடம் மூன்று விஷயம்: கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம். குரங்குக்குப் பல் காட்டுவது மிரட்டல். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறி செய்து கடி வாங்கினால் நேராக மருத்துவமனைதான். சாமிக்குப் படைத்த பழம் என்று கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உணவு கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பே இருக்கிறது, கொடுத்துக் கொடுத்துத்தான் அவை பிடுங்கப் பழகின.

அட்டை கடிக்குமா?

ஜீப் பாதையில் அபூர்வம். மூன் கேட் வழியில், மழைக்குப் பின், கட்டாயம். காலுறையைச் சிலுவாருக்கு மேலே இழுத்துவிட்டு, அதன்மேல் கோடாலித் தைலம் தடவுவது எங்கள் வழக்கம். கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், உப்பைக் கொட்டிச் சித்திரவதை செய்ய வேண்டியதில்லை. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும். பயப்படாதீர்கள், துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பாம்பு?

பதினோரு ஆண்டில் இரண்டு முறை பார்த்தேன், இரண்டும் எங்களைவிட வேகமாக ஓடிவிட்டன. கை வைக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்துவிட்டு வையுங்கள், உட்காருங்கள்.

ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா?

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் அப்போதுதான் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகும். நான் சொன்ன அந்த ஜனவரியில், கால் இழுத்துக்கொண்ட பிறகு ஜீப் பாதையில் தாங்கித் தாங்கி இறங்கினோம். ஏறியதைவிட இறங்க அதிக நேரம் ஆயிற்று. அவள் வீடு நான்காவது மாடி, மின்தூக்கி இருந்தது. எனக்கு வீட்டிலேயே மாடிப்படி. செவ்வாய்க்கிழமை வரை பின்பக்கமாகத் திரும்பித்தான் படி இறங்கினேன். குட்டி எட்டு வைத்து, முட்டியை லேசாக மடித்து இறங்குங்கள். ஒரு கைத்தடி நிறைய உதவும்.

உச்சி வரை போய்விட்டால் ரயிலில் இறங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. 1923இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. முன்பு நடுநிலையத்தில் வண்டி மாற வேண்டும், 2011இல் புதுப்பித்த பிறகு நேராக இறங்கிவிடும், சில நிமிடம்தான். ஆனால் அது உங்களை ஆயர் ஈத்தாம் பக்கம் இறக்கிவிடும், காடி நிற்பது பூங்கா வாசலில். இதை முதலிலேயே யோசிக்காமல் நடு வெயிலில் சாலையில் நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. பள்ளி விடுமுறையில் வரிசையும் நீளம்.

மேலே பார்க்க என்ன இருக்கிறது?

கடல், பாலம், ஊர். முருகன் கோயில் ஒன்று, ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயம், பக்கத்திலேயே பள்ளிவாசல். வேர்வை காய்ந்த பிறகு உள்ளே போங்கள், அதற்கும் அந்த மாற்றுச் சட்டை உதவும். இந்த மலையும் சுற்றியுள்ள காடும் கடற்பகுதியும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. கொடிமலை என்ற பேர் எதனால் என்று பிள்ளைகள் கேட்டால், கப்பல் வரவை அறிவிக்க அந்தக் காலத்தில் மேலே கொடிக்கம்பம் இருந்தது என்று சொல்லுங்கள். மலாயில் புக்கிட் பெண்டேரா என்றாலும் அதே பொருள்தான்.

இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறலாமா?

மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறலாம். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏற்றத்தில் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே இனிப்பு, உடனே ஓய்வு. மிட்டாய் எந்தப் பையில் இருக்கிறது என்று உடன் வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி என்றால் ஓரடிகூட எடுத்து வைக்காமல் உட்கார்ந்து 999ஐ அழையுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறத்தான் போகிறேன். அதுவே போதாதா?

நல்ல பயிற்சி. 513 படி. ஜனவரியில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் கொடிமலைக்குக் கால் தயாராகிவிடும். நாங்கள் முதல் நடைக்கு முந்தைய இரண்டு வாரமும் அங்கேதான் இருப்போம். ஆனால் தைப்பூச நாள்களில் கொடிமலைத் திட்டம் போடாதீர்கள். ஜாலான் கெபுன் பூங்கா முழுக்கத் தேரும் காவடியும் தண்ணீர்ப் பந்தலும், காடி நுழையவே முடியாது.

பாதி வழியில் மழை பிடித்தால்?

இடி கேட்டதுமே திரும்புங்கள், முதல் துளி விழும்வரை காத்திருக்க வேண்டாம். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். காட்டு வழியில் ஓடை நீர் திடீரெனக் கலங்கினால் மேலே எங்கோ கொட்டுகிறது என்று பொருள், கடக்காதீர்கள்.

கோலாலம்பூரில் இருக்கிறோம், எங்களுக்கு?

புக்கிட் காசிங். சின்ன மலை, நிழல் உண்டு, சிவன் கோயிலும் உண்டு. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

இறங்கிய பிறகு எங்கே பசியாறுவது?

அன்றைக்கு முன்னால் நடந்தவர் சொல்லும் கடையில். பின்னால் நடந்தவர் காசு கொடுப்பார். இந்த விதியை என் தோழிதான் சேர்த்தாள். பல ஆண்டாக அவளுக்குத் தோசையும் தே தாரேயும் நான்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் இரண்டாவது தோசை சொல்லிவிட்டு, "பரவாயில்லதானக்கா?" என்றாள்.